பூக்கும் நேரத்தில் வாடும் மக்காச்சோளம்: தண்ணீர் விடுவதா, தீவனமாக அறுப்பதா, கதிருக்குக் காத்திருப்பதா?

பெரம்பலூர் மாவட்டத்தின் கரிசல் நிலங்களில் புரட்டாசி மழையை நம்பி விதைக்கப்படும் மக்காச்சோளம், விதைத்த ஐம்பது, ஐம்பத்தைந்து நாளில், அதாவது கார்த்திகை முதல் பாதியில், ஆண்பூ எடுக்கும். வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்யும் ஆண்டில் அவை உழவருக்குச் சற்று மூச்சு விடக் கிடைக்கும் வாரங்கள். மழை ஐப்பசியோடு நின்றுவிட்ட ஆண்டில் அதே வாரங்களில்தான் மிகக் கடினமான முடிவு ஒன்றை எடுக்க வேண்டியிருக்கிறது. எங்கிருந்தாவது தண்ணீர் கொண்டுவந்து பயிரைக் காப்பதா, பச்சையாக அறுத்து மாட்டுத் தீவனமாக்குவதா, கிடைப்பது கிடைக்கட்டும் என்று கதிர் முற்றும்வரை விட்டுவைப்பதா, இல்லை மடக்கி உழுது அடுத்த பயிருக்கு நிலத்தை ஒழித்துக்கொள்வதா என்ற கேள்விக்கு ஊரில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். இந்த நான்கு வழிகளில் எது எந்த நிலைக்குப் பொருந்தும் என்பதையே இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

2016-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் சராசரியாகப் பெய்ய வேண்டிய 440 மி.மீ. மழையில் சுமார் 168 மி.மீ. மட்டுமே பெய்தது, பற்றாக்குறை 62 விழுக்காடு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்த ஆண்டு எங்கள் குடும்பத்தின் மூன்று ஏக்கர் மக்காச்சோளத்தில் நாங்கள் மேற்சொன்ன நான்கில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. "இன்னும் நாலு நாள் பார்ப்போம், வானம் கருக்கலாகத்தான் இருக்கிறது" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். நாலு நாள் நாலு வாரமாயிற்று. தீவனமாக அறுத்திருந்தால் மாடுகளுக்காவது ஆகியிருக்கும். காத்திருந்ததில் தட்டையும் சருகாயிற்று, கதிரும் மணி பிடிக்கவில்லை. அந்த இழப்பில் பாதிக்குமேல் மழையால் வந்தது அன்று, முடிவைத் தள்ளிப்போட்டதால் வந்தது என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

எனவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடிய மக்காச்சோளத்தை என்ன செய்வது என்பதை வானத்தைப் பார்த்தோ இலையைப் பார்த்தோ முடிவு செய்யக் கூடாது. கதிரை உரித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதையும் பெண்பூவின் இழைகள் வெளிவந்த பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் செய்துவிட வேண்டும். அதற்குப் பின் ஒவ்வொரு வழியின் பயனும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும்.

மக்காச்சோளம் வறட்சியை எல்லாப் பருவத்திலும் ஒரே மாதிரி தாங்குவதில்லை. விதைத்த முதல் மாதத்தில் மண் சற்றுக் காய்ந்தால், வேர் ஆழமாக இறங்குவதற்கு அது உதவுவதும் உண்டு. முழங்கால் உயரத்திற்குப் பிறகு வரும் வறட்சி செடியைக் குட்டையாக்கும். கதிரில் உருவாகும் மணிகளின் எண்ணிக்கையையும் ஓரளவு குறைக்கும். ஆனால் பூப்பதற்கு இரண்டு வாரம் முன்னும் பின்னுமாக உள்ள காலத்தில் வரும் வறட்சிதான் விளைச்சலை அடியோடு சாய்ப்பது. இழை வெளிவரும் நாட்களில் செடி கடுமையாக வாடினால், வாடும் ஒவ்வொரு நாளுக்கும் விளைச்சலில் 3 முதல் 9 விழுக்காடு வரை போய்விடும் என்பது பல ஆண்டு ஆய்வுகளில் உறுதிப்பட்ட கணக்கு.

இதற்குக் காரணம் இந்தப் பயிரின் அமைப்பிலேயே இருக்கிறது. நெல்லிலும் கம்பிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே பூவில் அருகருகே இருக்கின்றன. மக்காச்சோளத்தில் ஆண்பூ செடியின் உச்சியிலும், பெண்பூவான கதிர் நடுத்தண்டிலும் தனித்தனியாக நிற்கின்றன. கதிரின் ஒவ்வொரு மணிக்கும் ஓர் இழை உண்டு. அந்த இழை நீண்டு உறையின் நுனிக்கு வெளியே வந்து மகரந்தத்தைப் பிடித்தால்தான் அந்த மணி உருவாகும். இழை நீள்வதற்குச் செடியில் நிறைந்த நீர் வேண்டும். நீர் குறைந்தால் அது உறைக்குள்ளேயே தங்கிவிடும், வெளியே வந்தாலும் விரைவில் காய்ந்துவிடும். ஆண்பூவோ வறட்சியிலும் ஏறக்குறைய தன் நாளிலேயே மகரந்தத்தை உதிர்த்துவிடும். ஒரு செடி மகரந்தம் உதிர்ப்பது ஐந்து முதல் எட்டு நாள் வரைதான். இழை பிந்துகிறது, மகரந்தம் காத்திருப்பதில்லை. இரண்டும் சந்திக்காமல் போனால் பின்னர் எவ்வளவு மழை பெய்தாலும் அந்த மணி உருவாகாது. ஒருமுறை வாடிப் பின் மழை கண்டு மீண்டும் தழைத்துக் கதிர் பிடிக்கும் நாட்டுச் சோளத்தைப் போல மக்காச்சோளத்தை எண்ணுவதுதான் நம் ஊரில் பெரும்பாலும் நேரும் தவறு.

இலையைப் பார்த்து முடிவெடுப்பதில் உள்ள சிக்கலையும் சொல்ல வேண்டும். நண்பகலில் இலைகள் குழாய்போல் சுருண்டு நிற்பது, செடி தன் நீரைக் காத்துக்கொள்ளும் முறைதான்; அதை மட்டும் பார்த்துப் பயிர் போய்விட்டது என்று சொல்ல முடியாது. விடியற்காலையில் போய்ப் பாருங்கள். இலைகள் விரிந்து நின்றால், இரவில் வேர் போதிய நீரை எடுத்திருக்கிறது என்று பொருள். காலை ஏழு, எட்டு மணிக்கே சுருண்டிருந்து, அடியிலைகள் நுனியிலிருந்து காய்ந்து ஏறிக்கொண்டிருந்தால் நிலைமை கடுமையானது. மாறாக, இலை பசுமையாக இருந்தும் கதிர் வெறுமையாக இருக்கும் செடிகளும் ஏராளம். மணி இல்லாத செடி, கதிருக்கு அனுப்ப வேண்டிய சர்க்கரையைத் தண்டிலேயே தேக்கிவைத்துக்கொண்டு சில நேரம் மற்றவற்றைவிட நெடுநாள் பசுமையாக நிற்கும். அந்தப் பசுமையை நம்பித்தான் 2016-இல் நாங்கள் ஏமாந்தோம்.

கதிரை உரித்துப் பார்ப்பது எளிது. இழை வெளிவந்து ஏழெட்டு நாள் ஆன பின், நிலத்தின் வெவ்வேறு இடங்களிலிருந்து பத்துக் கதிர்களைப் பறித்துக்கொள்ள வேண்டும். வரப்போரத்துக் கதிரை எடுக்கக் கூடாது. கூரிய கத்தியால் அடியிலிருந்து நுனிவரை உறையில் மட்டும் ஒரு கீறல் போட்டு, இழைகள் அறுபடாதவாறு உறையை மெதுவாகப் பிரிக்க வேண்டும். பிறகு கதிரின் அடியைப் பிடித்துத் தலைகீழாக மெல்ல உதற வேண்டும். மகரந்தம் சேர்ந்து கருப்பிடித்த மணியின் இழை தானாகக் கழன்று உதிர்ந்துவிடும். கருப்பிடிக்காத மணியின் இழை எவ்வளவு உதறினாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். உதிர்ந்தது எத்தனை பங்கு, ஒட்டியிருப்பது எத்தனை பங்கு என்று பார்த்தாலே கதிரின் நிலை தெரிந்துவிடும். இன்னும் சில நாள் சென்றால், கருப்பிடித்த மணிகள் தண்ணீர்க் கொப்புளம்போல் உப்பியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உப்பாமல் சுருங்கி வெளுத்த மணிகள், கருப்பிடித்தும் பின்னர் நீரின்றிக் கலைந்தவை. அவையும் கணக்கில் சேரா.

அடுத்து விளைச்சலை மதிப்பிட வேண்டும். வரிசைக்கு வரிசை 60 செ.மீ. இடைவெளி விட்டிருந்தால், ஒரு வரிசையில் 6.75 மீட்டர் நீளம் என்பது ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செடிக்குச் செடி 25 செ.மீ. விட்டு நட்டிருந்தால் அந்த நீளத்தில் 27 செடிகள் இருக்க வேண்டும். அதில் மணி பிடித்த கதிர்கள் எத்தனை, ஒரு கதிரில் சராசரியாக எத்தனை மணிகள் என்று எண்ணிப் பெருக்கி, வரும் எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் ஏக்கருக்கான மொத்த மணிகள் கிடைக்கும். நல்ல ஆண்டில் 25 கதிர், கதிருக்கு 400 மணி, ஆயிரம் மணிக்கு 270 கிராம் எடை என்றால் ஏக்கருக்கு 27 குவிண்டால். வறட்சியில் 22 கதிர், கதிருக்கு 150 மணி, ஆயிரம் மணிக்கு 200 கிராம் என்றால் 6.6 குவிண்டால்தான். நிலத்தில் ஐந்தாறு இடங்களில் இப்படி எண்ணிச் சராசரி எடுப்பதற்கு ஒரு காலைப்பொழுது போதும். இந்த ஒரு எண் கையில் இல்லாமல் கீழே வரும் ஒப்பீட்டில் எதுவும் பயன்படாது.

இனி வழிகளைப் பார்க்கலாம். முதல் வழி தண்ணீர். ஓர் ஏக்கரில் 25 மி.மீ. ஆழத்திற்கு நீர் நிற்க வேண்டுமானால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தேவை. பத்தாயிரம் லிட்டர் லாரி என்றால் பத்து நடை. மணிக்கு ஐயாயிரம் லிட்டர் தரும் சோர்ந்துபோன ஆழ்குழாய்க் கிணறு என்றால் இருபது மணி நேரம். கார்த்திகை, மார்கழி வெயிலில் பூத்து நிற்கும் மக்காச்சோளம் நாளொன்றுக்கு 4 முதல் 5 மி.மீ. நீரைக் குடிக்கும், ஆகவே அந்த ஒரு லட்சம் லிட்டரும் சேதாரமின்றி வேருக்குப் போனால் ஐந்தாறு நாள் தாங்கும். வெடித்துக் கிடக்கும் கரிசலில் வாய்க்கால் வழியே விட்டால், முதல் தண்ணீரில் ஒரு பெரும்பங்கை வெடிப்புகளே குடித்துவிடும். ஒன்றுவிட்டு ஒரு பாரில் மட்டும் பாய்ச்சினாலோ, தெளிப்பான் வைத்தாலோ அதே நீர் இன்னும் சிறிது தூரம் செல்லும்.

இது சிறிய அளவுபோல் தோன்றினாலும், அந்த ஐந்தாறு நாள் எந்த ஐந்தாறு நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆண்பூ வெளியே தெரியத் தொடங்கி, இழை இன்னும் வராத நிலையில் பாயும் தண்ணீர், இழையை மகரந்தத்தோடு சேர்த்துவைக்கும் தண்ணீர். அதனால் கதிருக்கு 150 மணி பிடிக்க இருந்தது 300 மணியாக உயர்ந்து, ஆயிரம் மணியின் எடையும் 220 கிராமாக ஏறினால், 22 கதிர்க் கணக்கில் ஏக்கருக்கு 14.5 குவிண்டால் வரும். கூடுதலாகக் கிடைப்பது ஏறக்குறைய 8 குவிண்டால். குவிண்டாலை 2,000 ரூபாய் என்று வைத்தாலே 16,000 ரூபாய். லாரித் தண்ணீர் ஒரு நடை 1,000 ரூபாய் என்று கொண்டால் செலவு 10,000 ரூபாய். சொந்தப் பண்ணைக்குட்டையில் நீர் இருந்தால் டீசலும் ஆள்கூலியும் மட்டுமே செலவு. இவை கணக்குக்காக வைத்துக்கொண்ட விலைகள். அவரவர் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். கருப்பிடித்த பிறகு முதல் இரண்டு வாரத்தில் விடும் தண்ணீரும் வீணாகாது, ஏனெனில் மணிகள் கலைந்து போவது அந்தக் காலத்தில்தான். மணி பால் பிடித்த பின் விடும் தண்ணீர் எடையைக் கூட்டுமே தவிர எண்ணிக்கையைக் கூட்டாது.

இழைகள் காய்ந்து, ஆண்பூவும் உதிர்ந்து, உதறிப் பார்த்ததில் முக்கால்வாசி இழை ஒட்டியே இருக்கும் வயலுக்குத் தண்ணீர் வாங்கி ஊற்றுவதை மட்டும் நான் எந்தக் கணக்கிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடன் வாங்கி அப்படித் தண்ணீர் விட்டவர்களை எனக்குத் தெரியும். கண்முன்னே பயிர் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் ஒப்பாமல்தான் அவர்கள் அதைச் செய்தார்கள். செடி நன்றாகவே பசுத்தது, கதிரில் மட்டும் ஒன்றுமில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள மேக்சிம் என்னும் ஊட்டச்சத்துக் கலவையை ஏக்கருக்கு 3 கிலோ வீதம் 200 லிட்டர் நீரில் கலந்து, ஆண்பூ உருவாகும் பருவத்திலும் மணி பிடிக்கும் பருவத்திலும் தெளிக்கப் பரிந்துரைக்கிறார்கள். ஓரளவு ஈரம் உள்ள நிலத்தில் அது துணை செய்யும். ஆனால் தெளிப்பு எதுவும் வேருக்கு எட்டும் ஈரத்திற்கு மாற்று ஆகாது.

இரண்டாம் வழி, தீவனமாக அறுப்பது. நம் ஊரில் இதைத் தோல்வியின் அடையாளமாகப் பார்க்கும் மனப்பான்மை இருக்கிறது. அமெரிக்காவில் 2012-ஆம் ஆண்டு வறட்சியில், இல்லினாய், இண்டியானா, அயோவா போன்ற மாநிலங்களின் ஆழமான வளமண்ணிலேயே பயிர் தவித்தது. நாட்டின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு முந்தைய ஆண்டின் 147 புஷலிலிருந்து 123 புஷலாக இறங்கியது (ஒரு புஷல் என்பது 25.4 கிலோ). அப்போது கதிர் பிடிக்காத வயல்களைப் பலர் தயங்காமல் அறுத்துத் தீவனக் குழிகளில் சேர்த்தார்கள். மணி இல்லாத மக்காச்சோளத் தட்டையிலும் நல்ல தீவனச் சத்து இருக்கிறது. மணிக்குப் போக வேண்டிய சர்க்கரை தண்டிலும் இலையிலும் தங்கியிருப்பதால், அதன் தரம் நாம் எண்ணும் அளவுக்குத் தாழ்ந்துவிடுவதில்லை. அளவுக்கும் ஒரு எளிய கணக்கு உண்டு: கதிரில்லாத செடியின் உயரம், ஆண்பூவை நீக்கி, எத்தனை அடியோ ஏக்கருக்கு ஏறக்குறைய அத்தனை டன் தீவனம். ஐந்தடிச் செடி என்றால் நான்கரை முதல் ஐந்து டன் என்று மதிப்பிடலாம்.

மக்காச்சோளத்திற்கு இன்னொரு நற்குணமும் உண்டு. வாடிய இளஞ்சோளத்தைத் தின்ற மாடு சயனைடு நஞ்சால் விழுந்து இறந்த கதை மானாவாரிப் பகுதியில் எல்லா ஊரிலும் உண்டு. மக்காச்சோளத்தில் அந்த அச்சம் இல்லை. ஆனால் நைட்ரேட்டு நஞ்சு உண்டு, அதை அறியாமல் அறுப்பது ஆபத்து. வேர் மண்ணிலிருந்து எடுத்த நைட்ரேட்டை வளரும் செடி புரதமாக மாற்றிக்கொள்ளும். வறட்சியில் வளர்ச்சி நின்றுவிடுவதால் அது தண்டில் தேங்குகிறது. யூரியா மேலுரம் போட்ட சில நாளில் மழை நின்றுபோன வயலில் இது மிகுதி. தேக்கம் எல்லாம் பெரும்பாலும் அடித்தண்டில்தான். ஆகையால் நிலமட்டத்திலிருந்து ஓர் அடி விட்டு அறுத்தாலே அபாயம் வெகுவாகக் குறையும். எடை கொஞ்சம் குறையும், குறையட்டும்.

வறட்சிக்குப் பின் நல்ல மழை ஒன்று பெய்தால், உடனே அறுக்கக் கூடாது. உயிர்பெற்ற வேர் நைட்ரேட்டை வேகமாக உறிஞ்சி ஏற்றும் நாட்கள் அவை. ஐந்து முதல் ஏழு நாள் பொறுக்க வேண்டும். பச்சையாக வெட்டிப் போடுவதானால் அன்றன்று வெட்டியதை அன்றன்றே போட வேண்டும். குவித்துவைத்து இரவில் சூடேறிய தட்டையில் நைட்ரேட்டு அதைவிடக் கொடிய நைட்ரைட்டாக மாறியிருக்கும். பசியோடு இருக்கும் மாட்டிற்கு ஒரேயடியாகப் போடாமல், வைக்கோலோ உலர்தட்டையோ முதலில் கொடுத்து, இதைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். சினை மாட்டிற்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. மாடு தள்ளாடி, மூச்சு வாங்கி, வாயின் உட்புறம் நீலமோ பழுப்போ பாய்ந்திருந்தால் நேரத்தைப் போக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். மெத்திலீன் நீலம் என்னும் மாற்றுமருந்தை அவர் ஊசியாகச் செலுத்தினால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

இந்தக் காரணத்தாலேயே, பச்சையாகப் போடுவதைவிட ஊறுகாய்ப்புல்லாக, அதாவது சைலேஜாக, பதப்படுத்துவது மேல் என்பேன். நொதித்தலின்போது நைட்ரேட்டில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை, சில சமயம் அதற்கு மேலும், சிதைந்துவிடும். அதற்குத் தட்டையின் ஈரம் 65 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இங்கேயும் கண் ஏமாற்றும். இலையெல்லாம் காய்ந்து சலசலக்கும் செடியின் தண்டில் ஈரம் 75 விழுக்காட்டுக்கு மேலும் இருக்கலாம். பொடியாக நறுக்கிய தட்டையை ஒரு கைப்பிடி எடுத்து இறுக அழுத்திப் பிடித்துத் திறந்தால், சாறு சொட்டாமல், உருண்டை மெதுவாகப் பிரிய வேண்டும். சாறு வடிந்தால் இன்னும் சில நாள் பொறுக்கலாம். உடனே உதிர்ந்தால் தாமதித்துவிட்டோம். மூன்று நான்கு வாரம் காற்றுப் புகாமல் மூடிவைத்த பின்னரே திறக்க வேண்டும். குழி நிரப்பிய முதல் சில நாட்களில் மஞ்சள் பழுப்பான புகை, வெளுக்கும் தூளின் வாடையோடு குழியோரம் தங்கலாம். அது நைட்ரஜன் டை ஆக்சைடு. காற்றைவிடக் கனமானது, நுரையீரலைச் சிதைக்கக்கூடியது. குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் அந்தப் பக்கம் விடக் கூடாது.

மூன்றாம் வழி, கதிர் முற்றும்வரை விட்டுவைப்பது. அறுக்கும் செலவு இப்போது இல்லை என்பதால் இது எளிய வழிபோல் தோன்றும். உண்மையில் இதில்தான் மறைந்த செலவுகள் அதிகம். இன்னும் நாற்பது, நாற்பத்தைந்து நாள் படைப்புழுவிலிருந்து காக்க வேண்டும். 2018-இல் இந்தியாவுக்குள் வந்த அந்தப் புழு, குருத்தோடு நிற்காமல் கதிருக்குள்ளும் புகும். வறண்ட மண்ணில் தண்டைக் கருக்கும் அழுகல் நோய் வந்தால் செடிகள் அடியில் மடிந்து சாய்ந்துவிடும். சாய்ந்த கதிரை இயந்திரம் எடுக்காது, கையால் ஒடித்தால் கூலி கட்டாது.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சாண நஞ்சுக்கு. வெப்பமும் வறட்சியும் சேர்ந்த ஆண்டில், மணி பிடிக்கும்போதே அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சாணம் கதிரில் ஏறுகிறது; புழு துளைத்த இடத்தில் இன்னும் எளிதாக ஏறுகிறது. கதிரின் நுனியில் பசுமஞ்சள் தூள்போல் படிந்திருப்பது அதுதான். நம் மக்காச்சோளத்தின் பெரும்பங்கு கோழித் தீவனத்திற்குத்தான் போகிறது. நாமக்கல் பகுதித் தீவன ஆலைகள் நஞ்சின் அளவைச் சோதித்தே வாங்குகின்றன, ஏனெனில் கோழி அதைத் தாங்காது. திருப்பி அனுப்பப்பட்ட மூட்டையை மாட்டுக்குப் போட்டால் நஞ்சின் ஒரு பகுதி பாலில் வரும், அந்தப் பால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே வரும். நைட்ரேட்டைப் போல இது நொதிக்கவைப்பதால் போகும் நஞ்சு அன்று. மணியை 14 விழுக்காட்டு ஈரத்திற்குக் கீழே உலர்த்தி வைத்தால் மேலும் பெருகாமல் தடுக்கலாம். ஏறியதை இறக்க முடியாது.

இப்போது இரண்டையும் எதிரெதிரே வைப்போம். முன்சொன்ன 6.6 குவிண்டால் வயலில், மணி சிறுத்திருப்பதால் குவிண்டாலுக்கு 1,800 ரூபாய் என்று வைத்தால் வரவு 11,880 ரூபாய். 2025-26 பருவத்திற்கு மக்காச்சோளத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2,400 ரூபாய் என்றாலும், சிறுத்த மணிக்கு வியாபாரி அதைக் கொடுப்பார் என்று எண்ணிக் கணக்குப் போடுவது சரியில்லை. அறுவடைக்கும் தூற்றுவதற்கும் 4,000 ரூபாய் போனால் மிஞ்சுவது ஏறத்தாழ 7,900. தீவனமாக நான்கரை டன், கிலோ ஒன்றரை ரூபாய்க்கு, அறுப்புக்கூலி வாங்குபவருடையது என்று பேசிக் கொடுத்தால் 6,750. பார்த்தால் கதிரே மேல் என்று தோன்றும். ஆனால் அந்த 7,900-இல் புழுமருந்துச் செலவு, சாய்ந்து போகும் கதிர், பூஞ்சாணம் கண்டு கழிக்கப்படும் மூட்டை ஆகியவை இன்னும் கழியவில்லை. 6,750 இந்த வாரமே கைக்கு வரும் பணம். சொந்தமாகக் கறவை மாடு இருந்தால், வறட்சி ஆண்டில் ஏறிய விலைக்கு வைக்கோல் வாங்கும் செலவு மிச்சமாவதால் தீவனத்தின் மதிப்பு இன்னும் கூடும்.

ஆகவே என் முடிவு இப்படி அமையும். எண்ணிப் பார்த்த மதிப்பீடு ஏக்கருக்கு 5 குவிண்டாலுக்குக் கீழ் என்றால் அறுத்துவிட வேண்டும். மாடு இருப்பவர் 7 குவிண்டால் வரையிலும்கூட அறுப்பதே நல்லது. 10 குவிண்டாலுக்கு மேல் என்றால் விட்டுவைக்கலாம். ஒருமுறையாவது தண்ணீர் தர முடியும் என்றால் தயங்காமல் விட்டுவைக்கலாம். இடைப்பட்ட வயலில், ஒரே வயலைப் பிரித்துப் பார்ப்பதே அறிவுடைமை. கரிசல் காட்டில் பள்ளப் பகுதியின் ஈரமும் மேட்டுப் பகுதியின் ஈரமும் ஒன்றாக இருப்பதில்லை. மேட்டை அறுத்துப் பள்ளத்தைக் கதிருக்கு விடுவதில் எந்தக் குறையும் இல்லை. 2016-இல் என் மச்சான் அதைத்தான் செய்தார். பள்ளத்தில் அவருக்குக் கிடைத்தது சில மூட்டைகள்தான். ஆனால் மேட்டுத் தட்டையை வைத்துச் சித்திரை வரை நான்கு மாடுகளை விற்காமல் காப்பாற்றினார்.

நான்காம் வழியான மடக்கி உழுவதற்கு இடம் குறைவு. இடுப்பளவுக்குக் கீழே கருகி, தீவனமாகவும் ஆகாத பயிருக்கு மட்டுமே அது பொருந்தும். அதிலும் உழுத பின் ஒரு மழை கிடைத்தால் கொள்ளோ உளுந்தோ விதைக்கலாம் என்ற நிலை இருக்க வேண்டும். ஈரமே இல்லாத மண்ணைப் புரட்டினால் மிச்ச ஈரமும் போகும். ஆடுகளை விட்டு மேய்ப்பதானால், இலையை மேய்ந்து முடித்ததும் அவற்றை வெளியேற்றிவிட வேண்டும். அடித்தண்டை மெல்லும்வரை விடக் கூடாது.

எந்த வழியானாலும், அரிவாள் வைப்பதற்கு முன் எழுத்து வேலை ஒன்று இருக்கிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீடு, அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதற்கும் நடத்தப்படும் பயிர் அறுவடைச் சோதனையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது, தனியொருவர் வயலைக் கொண்டு அன்று. எனவே, உங்கள் வயலில் சோதனைத் திடல் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பருவத்தின் நடுவிலேயே எதிர்பார்க்கும் விளைச்சல், வரம்பு விளைச்சலில் (அந்தப் பகுதிக்குத் திட்டத்தில் நிர்ணயித்திருக்கும் விளைச்சலில்) பாதிக்குக் கீழே போய்விட்டால், உத்தேச இழப்பீட்டில் 25 விழுக்காடு வரை முன்னதாகவே வழங்கவும் அந்தத் திட்டத்தில் இடமுண்டு. அரசு வறட்சி நிவாரணம் வேறு. 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கு அது வழங்கப்படுகிறது. பேரிடர் நிவாரண நிதியின் 2022-23 முதல் 2025-26 வரைக்கான விதிப்படி மானாவாரிப் பயிருக்கு எக்டேருக்கு 8,500 ரூபாய், இரண்டு எக்டேர் வரை. இவை இரண்டுக்கும், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று குறிக்கும் ஊர்ப் பதிவேடான அடங்கலில் மக்காச்சோளம் என்று பதிவாகியிருப்பது முதல் தேவை. அறுத்த வயலைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிட ஒருவராலும் முடியாது என்பதால், கிராம நிர்வாக அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்து, தேதி விழும்படி படம் எடுத்து, முடிந்தால் நடுவில் நான்கு வரிசையை அறுக்காமல் விட்டுவைப்பது நல்லது.

அந்த நான்கு வரிசையைத் தேர்ந்தெடுக்கும்போது, பள்ளத்தில் உள்ள நல்ல வரிசையையோ மேட்டில் உள்ள மோசமான வரிசையையோ விடாமல், கதிர்களை எண்ணியபோது சராசரிக்கு அருகில் வந்த இடத்தில் விட வேண்டும். எண்ணிய தாளையும் தேதியிட்டு அடங்கல் நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்; மதிப்பிட வருபவரிடம் காட்டுவதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேறு இருக்காது.